எட்டாவது அனுமதி

டிடிபி அக்கா வீடு எது என்று கேட்டால் தெருமுனையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். அச்சகங்களுக்காகக் கம்ப்யூட்டரில் புத்தகம் அடித்து, பக்கம் அமைத்து, பிழை திருத்திக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக வீட்டின் முன்னறையில் அதே மேஜை, அதே நாற்காலி. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடிப்பாள். "இதென்ன விரலா, மெஷினா?" என்று அச்சகக்காரர் வாயைப் பிளப்பார். "விரல்தான் சார். மெஷினா இருந்தா எண்ணெயாவது போட்டிருப்பீங்களே" என்பாள்.

ஊருக்கெல்லாம் அக்காவான அவளுக்குச் சொந்தமாக ஒரே ஒரு தங்கை. இருந்தும் இல்லாத மாதிரி. எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று தங்கை, இரண்டு அவளுக்கு இடம் பார்த்துக் கொடுத்த பெண்கள் ஆலோசனை மையத்து மேடம், மூன்று அக்கா. கட்டின புருஷனிடம்கூட அக்கா மூச்சு விட்டதில்லை. எழுதி வைக்கவில்லை, போனில் சேமிக்கவில்லை, கதவு எண்ணோடு மனப்பாடமாக வைத்திருந்தாள்.

காரணம் தங்கையின் புருஷன். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவன் தொழில். கேமராக்காரன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தொழில் கடையோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன? சொந்த வீட்டுச் சமையலறையிலும் ஒன்றை மாட்டினான். பெண்டாட்டி எத்தனை மணிக்கு அடுப்பை மூட்டினாள், யாரோடு சிரித்தாள் என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டான். பதில் பிடிக்காவிட்டால் கையை ஓங்கினான். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதல் ஊரில் கண்டுபிடித்தான். இரண்டாவது ஊரிலும் கண்டுபிடித்தான். அங்கே குழந்தையின் கண் முன்னாலேயே அவளுடைய மணிக்கட்டை முறித்தான். "அடுத்த தடவை கையோட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னதைச் செய்கிற ஜென்மம்தான் அது. இப்போது இருப்பது மூன்றாவது ஊர். பஸ்ஸில் நாலு மணி நேரம்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வேதியியல் கையேடு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். திரைக்கு மேலே பொட்டு மாதிரி இருக்கும் கேமராவின் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் அந்தக் கேமராவைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. இரண்டு நிமிஷம் எரிந்துவிட்டு அணைந்தது. போன வாரமும் இப்படி இரண்டு முறை எரிந்திருந்தது. வயரில் ஏதோ கோளாறு என்று அப்போது விட்டுவிட்டாள். இன்றைக்கு என்னவோ விட மனசு வரவில்லை. கொஞ்ச நாளாகக் கோப்பு அனுப்பினாலும் ஆமை வேகம். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

தெருமுனையில் மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் சேர்ந்து மூச்சு விட முடியாத ஒரு கடை. போன், கம்ப்யூட்டர், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுச் சரி செய்து கொடுப்பாள் அந்தக் கடைக்காரி. காதுக்கு மேலே பென்சில் செருகுகிற மாதிரி ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பாள். வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவள் பச்சை விளக்கு என்று கேட்டதும் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"தானாவா எரியுது?"

"தானாத்தான். நான் தொடவே இல்ல."

"அக்கா, நான் கூட வரேன். உள்ளே நுழைஞ்சதும் ஃபேன்ல தூசின்னு மட்டும்தான் பேசுவேன். நீங்களும் அதையே பேசணும். வேற ஒரு வார்த்தை வரக்கூடாது. புரியுதா?"

அக்காவுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

முன்னறையில் கடைக்காரி போட்ட நாடகத்தைப் பார்க்கணும்! "என்னக்கா, ஃபேனுக்குள்ளே தலையணையே அடைச்சு வச்சிருக்கீங்க? இவ்வளவு தூசில கம்ப்யூட்டர் தும்மாம இருக்கே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே, பச்சை விளக்கு அணைந்திருப்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆன்டிவைரஸைத் திறந்து அதில் 'அனுமதித்தவை' என்ற பட்டியலுக்குப் போனாள். எட்டு வரிகள். ஏழு வரிகளின் மேல் சுட்டியை ஓட்டிவிட்டு எட்டாவதில் நிறுத்தினாள். பெயர் 'குடும்ப ஆல்பம்'. பதினான்காம் தேதி, அதாவது பத்து நாளைக்கு முன்னால், காலை 11.40. இன்னொரு சின்னக் கட்டத்தைத் திறந்து, வெளியே எங்கெல்லாம் இணைப்பு போகிறது என்று பார்த்தாள். உடனே எல்லாவற்றையும் மூடினாள்.

"தண்ணி கொடுங்கக்கா, தொண்டை கட்டிடுச்சு" என்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

"உள்ளே ஆள் இருக்கான்" என்றாள்.

"யாரு?"

"யாருன்னு நீங்கதான் சொல்லணும். ட்ரோஜன்னு பேரு. ஜலதோஷம் மாதிரி தானா ஒட்டிக்கிற சாமான் இல்ல இது. நல்ல பிள்ளை மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும். பாட்டு, போட்டோ, ஆல்பம், எதுவா வேணா இருக்கும். நம்ம வீட்டு ஆளே கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வரணும். வந்துட்டா அவ்வளவுதான். நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குப் போகும். மைக்ல கேட்பான், கேமராவுல பார்ப்பான், எங்கே இருந்தாலும் கையில ஒரு போன் போதும். விளக்கு எரியுதுன்னா பார்த்துட்டிருக்கான்னு அர்த்தம். சில கம்ப்யூட்டர்ல அந்த விளக்கையே எரியாம பண்ணிடுவாங்க. உங்களோடது பழசு, அதனால காட்டிக் கொடுத்துடுச்சு."

"ஆன்டிவைரஸ் இருக்கேம்மா!"

"அது கத்தியிருக்கு. அனுமதின்னு அழுத்தி அதோட வாயை அடைச்சது யாரு?"

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. யார் என்று கேட்கவா வேண்டும்? டிடிபிக்காரர்கள் எல்லோரிடமும் கைமாறிக் கைமாறி வந்த எழுத்துரு மூட்டை ஒன்று இருக்கும். காசு கொடுத்து வாங்கினதில்லை. அதனோடு பூட்டு உடைக்கிற குட்டிப் புரோகிராம் ஒன்று வரும். அதை ஓட்டினால் ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி காட்டிக் கூச்சல் போடும். 'அனுமதி'யை அழுத்தினால்தான் எழுத்து வரும், வேலை நடக்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். சிவப்புப் பெட்டியைப் பார்த்தால் படிக்கிற வழக்கமே கிடையாது, விரல் தானாகப் போகும். பட்டியலில் இருந்த ஏழும் அப்படி வந்தவைதான். எட்டாவதும் தன் விரல் செய்த வேலைதான் என்று அக்கா அந்த நிமிஷம் நூற்றுக்கு நூறு நம்பினாள். யாரோ இந்த ஆல்பத்தை மெயிலில் அனுப்பியிருக்க வேண்டும், வேலை வேகத்தில் தானும் அழுத்தித் தொலைத்திருக்க வேண்டும்.

அனுப்பியவன் யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் உலகத்தில் ஒருவனுக்குத்தான் இருந்தது. தங்கையின் கதையை நாலே வாக்கியத்தில் கடைக்காரியிடம் சொன்னாள்.

"அட்ரஸை இதுல எப்பவாவது அடிச்சீங்களா?"

"இல்லவே இல்ல" என்று வாய் சொல்லும்போதே நினைவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை! குழந்தை போனில் கெஞ்சியிருந்தாள். நடந்தால் விளக்கு எரிகிற காலணியாம், வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறதாம். எதுவும் அனுப்பாதே என்று தங்கை தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டாளா இவள்? கூரியர்க்காரனின் பக்கத்தைத் திறந்து பெயர், தெரு, கதவு எண் எல்லாம் அடித்து அனுப்பிவிட்டாள்.

"தமிழ்ல அடிச்சீங்களா, இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்ல."

கடைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க புத்தகம் அடிக்கிறதெல்லாம் அவனுக்கு கந்தரகோளமாத்தான் தெரியும். பழைய தட்டச்சு முறை, வெறும் இங்கிலீஷ் கீ எழுத்தா போய் விழும், தலையும் புரியாது வாலும் புரியாது. அந்தக் குப்பைக்கு நடுவுல படிக்கிற மாதிரி இருக்கிறது இந்த ஒரு வரி மட்டும்தான்."

அக்கா முன்னறைக்கு ஓடப் பார்த்தாள். மோடத்தின் வயரைப் பிடுங்கி எறிவதாக உத்தேசம். கடைக்காரி கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"சாதாரணமா நானே முதல்ல அதைத்தான் பிடுங்கச் சொல்லுவேன். ஆனா இப்போ பிடுங்கினா? கண்டுபிடிச்சுட்டாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். இதுவரைக்கும் அந்த வரியைப் பார்க்காம இருந்தாலும், அப்படி என்னதான் இருக்குன்னு உட்கார்ந்து தேடுவான். உங்க தங்கச்சி அங்கிருந்து கிளம்பட்டும். அதுவரைக்கும் நீங்க எப்பவும் போல உட்கார்ந்து அடிங்க. குப்பையை இன்னும் கொட்டுங்க. எதையும் அழிக்காதீங்க, போலீஸுக்கு இதுதான் சாட்சி. அப்புறமா பாஸ்வேர்டு எல்லாம் என் கடையில மாத்திட்டு, இதைத் துடைச்சுப் புதுசா ஏத்திக்கலாம். உங்க போனையும் தொடாதீங்க, தினமும் அந்த மெஷின்லதானே சார்ஜ் போடுறீங்க? அதுலயும் ஏறியிருக்கலாம்."

கடைக்குப் போய், கடைக்காரியின் போனில், அக்கா தங்கையை அழைத்தாள்.

"கிளம்புடி. இப்பவே. அவனுக்கு அட்ரஸ் தெரிஞ்சிருக்கு."

"யார் சொன்னது?" என்றாள் தங்கை.

"நான்தான். என் கம்ப்யூட்டர்லேருந்துதான் போச்சு. காலணி அனுப்பினேன் பாரு..."

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "போன வாரம்தான் வேலையை நிரந்தரம் பண்ணாங்க" என்று மட்டும் சொன்னாள். மையத்து மேடத்துக்குச் சொல்ல வேண்டும், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும், ஒன்றரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, ஏறினதும் இதே நம்பருக்குக் கூப்பிடுகிறேன் என்றாள். போனை வைத்தபோது மணி பத்தே முக்கால்.

இனி இரண்டே முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் அவளைச் சுமந்த நாற்காலிதான். அன்றைக்கு அதில் ஆணி முளைத்திருந்தது. திரையின் மேலே அந்தக் கறுப்புப் பொட்டு. அதைப் பார்க்கக் கூடாது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. உப்புகள் நீரில் கரையும் விதம் பற்றி அடித்தாள். ஒரே பத்தியை மூன்று முறை அடித்தாள். அடித்துக் கொட்டு, குப்பையைக் கொட்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூக்கு அரித்தால் சொறிவதற்குக்கூட யோசனையாக இருந்தது. எப்போதும் சொறிகிற மாதிரிதான் சொறிகிறோமா? இந்தப் பத்து நாளில் இவன் எதையெல்லாம் பார்த்தானோ! தலைவலி என்று அவள் மேஜையில் கவிழ்ந்து படுத்ததை, கதவைச் சாத்திவிட்டு வியர்வைக்கு மேலாடையைத் தளர்த்தியதை, தனியாக உட்கார்ந்து பாடியதை. கையைக் கழுவ வேண்டும், முகத்தைக் கழுவ வேண்டும், மொத்த உடம்பையும் கழுவ வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்க முடியாது. தன் வீட்டில், தன் நாற்காலியில், ஜெயில் கைதி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது. அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. அது வரைக்கும் அவளுக்கே தன் விரல்கள் மேல் இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தான். அணைந்தது.

எப்படித்தான் இந்த ஆல்பம் வந்தது? பதினான்காம் தேதி தான் என்ன வேலை செய்துகொண்டிருந்தோம் என்று பார்க்க, டெலிவரி நோட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். அச்சகத்துக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவது அவள் வழக்கம். பிற்பாடு 'லேட்டாக் கொடுத்தே' என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது பாருங்கள். பதினான்காம் தேதிக்கு நேரே அச்சகக்காரரின் கோழிக் கிறுக்கல்: 'புரூஃப் பெற்றது 11.10. திருத்தத்துடன் திருப்பியது 12.50.'

பதினொன்று நாற்பதுக்கு அவள் வீட்டிலேயே இல்லை. அச்சகத்து பெஞ்சில், மையின் வாசனையில், திருத்தம் முடியக் காத்திருந்தாள்.

அழுத்தியது அவள் விரல் இல்லை. அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. அன்றைக்கு வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான். இடுப்பு வலி என்று லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

அவள் புருஷன் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை. கோபம் வராத மனுஷன். யாராவது அழுதால் இவருக்கு மூக்கு சிவந்துவிடும். அக்கா அவசரத்தில் இருக்கும்போது அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவதெல்லாம் அவர்தான். "சிவப்பா எது வந்தாலும் அனுமதின்னு அழுத்துங்க, பயப்படாதீங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இவளேதான்.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "என்ன, இன்னும் அடிச்சு முடியலையா?" என்றார். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையால் அடித்துக்கொண்டே, இடது கையால் மேஜைக்குக் கீழே ஒரு புரூஃப் தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலால் கிறுக்கினாள். கோணலும் மாணலுமாக வந்தது. 'பேசாதீங்க. கேக்குது. 14ஆம் தேதி ஆல்பம். யார் குடுத்தது?'

கேமராவுக்கு எட்டாத ஓரத்தில் நின்றிருந்த அவர் குனிந்து படித்தார். படித்தவர் நிமிரவில்லை. அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பென்சிலை வாங்கிக்கொண்டார்.

'சகலை.'

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுதினார். 'நீ அச்சகம் போனப்போ வந்தான். குழந்தை முகத்தை ஒரு தடவை பார்க்கணும்னு காலைப் பிடிச்சு அழுதான். நீங்க வீடியோவில் பேசும்போது ஓரமா இருந்து பார்த்துக்குவேன், வேற எதுவும் வேணாம்னான். ஆல்பம்னு ஒரு பென் டிரைவைக் குடுத்துப் போடச் சொன்னான். சிவப்புப் பெட்டி வந்துச்சு. நீ சொன்ன மாதிரி அழுத்தினேன்.'

அக்கா பென்சிலைப் பிடுங்கி ஒரே ஒரு சொல் எழுதினாள். 'மணிக்கட்டு?'

அவர் எழுதினார். 'திருந்திட்டேன்னு சொன்னான்.'

அடப்பாவி மக்களா, கத்தக்கூட முடியவில்லையே! ஊரில் எந்தப் பெண்ணுக்கும் புருஷனைத் திட்டக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். இவளுக்கு அதுகூட இல்லை. கண் பொங்கிக்கொண்டு வந்தது. கேமரா பார்க்கிறது. "ஒரே தூசி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆமா, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்றார் அவர். என்ன ஏது என்று முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, ஏதோ பெரிசாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த மனுஷனுக்குப் புரிந்திருந்தது.

விளக்கு அணைந்தது. அணைந்த கையோடு அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்தது. திரையில் 'சகலை'.

எடுங்கள் என்று அக்கா கண்ணைக் காட்டினாள்.

"சொல்லு சகலை... ஆமா, சாப்பிட வந்தேன்... அவ வேலை பார்த்துட்டிருக்கா." பிறகு வெறும் 'உம்' மட்டும்தான். பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் அக்காவுக்கே கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே அவர் தாளில் எழுதினார். எழுத்து தாளைக் கிழித்தது. 'வழியில் இருக்கான். பாப்பாவைப் பார்க்கப் போறானாம். ரெண்டு மணிக்குப் போய்ச் சேருவானாம். எனக்கு நன்றி சொல்றான்.'

மணி ஒன்று பதினெட்டு.

அழைப்பு முடிந்ததும் அக்கா எழுந்தாள். மோடத்தின் வயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கினாள். இனிமேல் எதற்கு நடிப்பு? அவன்தான் அந்த வரியைப் படித்து முடித்து வண்டியே ஏறிவிட்டானே!

"அவன் அழுதது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியில அவ கையில கட்டோட கிடந்தாளே, அது தெரியலையா? நீங்களும் என்கூடத்தானே வந்து பார்த்தீங்க? பழம் வாங்கிட்டு வந்தீங்களே!"

"அவன் குழந்தைக்கு அப்பன்டி. நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"நல்லது நினைக்கிறவர் ஏன் என்கிட்ட மறைச்சீங்க? பத்து நாளா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டீங்களே!"

தானும்தானே சொல்லிக்கொடுத்தோம், தானும்தானே காலணி அனுப்பினோம் என்ற நினைப்பு அவள் நெஞ்சைச் சுட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்லுகிற நேரமா இது? செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். அவர் பின்னாலேயே வந்தார்.

கடையில் கடைக்காரி போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை. அவன் வழியில் இருக்கிறான் என்று அக்கா சொன்னதும், கடைக்காரி உடனே மையத்து மேடத்தைக் கூப்பிட்டு அந்த ஊர்ப் போலீஸுக்குச் சொல்லச் சொன்னாள். தங்கையின் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்று இருபத்தைந்து. ஒன்றரை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ஒன்று முப்பத்தாறு. பஸ் தவறியிருந்தால்? பள்ளியில் குழந்தையை விட மறுத்திருந்தால்? அவன் சொன்னதைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்திருந்தால்? அக்கா கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்குள்ளே வராமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார் அவள் புருஷன்.

ஒன்று நாற்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தாள்.

"ஏறிட்டோம்க்கா. பஸ் ஊரைத் தாண்டிடுச்சு." பின்னால் எஞ்சின் உறுமுகிற சத்தம். "ரெண்டு பைதான் எடுக்க முடிஞ்சது. வீட்டைக்கூடப் பூட்டலை."

"போனாப் போகுதுடி. நீ இருக்கே, அது போதும்." அக்கா அழுதேவிட்டாள். கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அவன் எப்படிக்கா உன் கம்ப்யூட்டருக்குள்ள வந்தான்?"

அக்கா வெளியே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். நாளைக்கும் அதே வீட்டில், அதே முன்னறையில், இவரோடுதான் இருக்கப்போகிறாள். போக வேறு இடமும் கிடையாது. நாளைக்கே இவனோ வேறொருவனோ வந்து அழுதால் இவர் மறுபடி கதவைத் திறக்க மாட்டார் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியுமா? தன்னைப் பற்றியே சொல்ல முடியுமா? நாளைக்குக் குழந்தை வேறொன்று கேட்டால் தன் விரல் சும்மா இருக்குமா?

"வீட்டு வழியாத்தான்டி வந்தான்" என்றாள்.

தங்கைக்குப் புரிந்தது. "சரி, நீ உடம்பைப் பார்த்துக்கோ. மேடம் புது இடம் சொல்லிட்டாங்க. எழுதிக்காதே, மனசுல வச்சுக்கோ. அந்த ஊரு பேரு..."

"சொல்லாதே!"

அக்கா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குச் சொல்லாதேடி. எனக்குத் தெரிய வேணாம். போன் நம்பரும் வேணாம். மேடத்துக்குத் தெரிஞ்சா போதும்."

"அக்கா, உனக்குமா?"

"எனக்குத்தான். நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன். நான் சொல்லவே இல்ல பாரு, ஆனாலும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சே."

"அப்போ நாம எப்போதான் பேசிக்கிறது?"

அக்காவுக்குத் தெரியவில்லை. அவன் மேல் போடப்போகும் கேஸ் முடியட்டும் என்று சொல்லலாம். எப்போது முடியும் என்று யார் கண்டார்கள்? பதிலுக்குக் காத்திருக்கும் தங்கையின் மூச்சு போனில் கேட்டது. அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ இழுபறி. போன் கைமாறியது.

"பெரிம்மா!" குழந்தை சிரித்தாள். பாதி வகுப்பில் வெளியே கூட்டி வந்தது அவளுக்குத் திருவிழா போலிருந்தது. "பெரிம்மா, நாங்க பஸ்ல போறோமே! நான் புது ஷூ போட்டிருக்கேன், எரியுது! நாங்க எங்கே போறோம்னு சொல்லட்டா? அம்மா காதுல சொன்னாங்க. நான் சொல்றேன், நீ யார்கிட்டயும்..."

அக்கா சட்டென்று இணைப்பைத் துண்டித்தாள்.